கல்லறைச் சரிவில் ஒரு மரம்

அன்றைக்கு ஜீப்பில் போனவர்கள் மூன்று பேர்: அம்மா, நான், ஜீப்பை ஓட்டிய என் சிநேகிதன். அப்பா வரவில்லை. முன்சீட்டில் அவருக்கென்று விட்டிருந்த இடத்தில் என் கேமராப் பையை வைத்துக்கொண்டோம். நாங்கள் தேடிப் போனது என் அக்காவை. நான் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பே, இரண்டு வயதில் காய்ச்சல் கண்டு இறந்துபோனவள். அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

அவளைப் புதைத்த இடம் ஒரு தேயிலைத் தோட்டம். இப்போது அதைத் தோட்டம் என்று சொல்ல முடியாது. நான் தொடக்கப் பள்ளியில் படித்தபோதே கம்பெனி சம்பளத்தை நிறுத்திவிட்டு, ஃபாக்டரியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. தொழிலாளிகள் லயம் என்கிற வரிசை வீடுகளிலேயே தங்கி, தேயிலையை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டு, கிள்ளிய கொழுந்தை வெளியாட்களுக்கு விற்று வருடங்களை ஓட்டினார்கள். என் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு நாங்களும் அங்கிருந்து கிளம்பி, வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு வந்தோம். அம்மா காய் எடுக்கப் போனாள். அப்பாவுக்கு நிழல்மரம் கவாத்து செய்கிற வேலை. கயிறும் கத்தியுமாக மரத்தில் ஏறிக் கிளை கழிப்பவர். கடைசியாக மிச்சமிருந்த கட்டிலையும் அண்டாவையும் எடுத்துவர அவர் மட்டும் ஒரு தடவை பழைய தோட்டத்துக்குப் போய் வந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்த மலையை மிதிக்கவில்லை.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். பிளஸ் டூ, பிறகு டிகிரி, இப்போது ஏலக்காய் தரம்பிரிக்கும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. கேமரா வந்தது அந்த வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம். கட்டப்பனையில் கல்யாணங்களுக்குப் படமெடுக்கும் ஒருவர் தனக்குப் புதிது வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்தார். கூடவே தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் நீளமான லென்ஸ் ஒன்றும் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவேன். என் சிநேகிதன் வாரம் முழுக்கக் கம்பத்திலிருந்து கூலிப் பெண்களை மலைக்கு ஏற்றி வருகிறவன். ஞாயிற்றுக்கிழமை அவனும் ஜீப்பும் சும்மா இருப்பார்கள். நாங்கள் பெரிய இடங்களுக்கெல்லாம் போனதில்லை. ஏலச்செடியின் தூரில் தரையோடு கிடக்கும் பூவை, நானும் தரையோடு படுத்து எடுப்பேன். மேட்டின் விளிம்பில் நின்றுகொண்டு, கீழே கம்பம் பள்ளத்தாக்கு வெயிலில் காய்வதை எடுப்பேன். எங்கள் தலையில் அப்போது மழை பெய்துகொண்டிருக்கும். ஒரு மலையணிலுக்காகக் காலை முழுவதும் பலாமரத்தடியில் காத்துக் கிடந்திருக்கிறேன். அது இறங்கி வந்தபோது பாட்டரி தீர்ந்திருந்தது. மழை வலுத்தால், காய் எடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் தாளில் கேமராவைச் சுற்றிவிட்டு நான் நனைவேன்.

அந்தப் பெண்களுக்கு நான் ஒரு வேடிக்கை.

“எங்களப் பிடிச்சு எந்த சினிமாவுல போடப் போற?”

“சினிமா இல்லக்கா, சும்மாதான்.”

“சும்மா எடுக்கதுக்கா இம்புட்டு நீளக் குழாய மாட்டியிருக்க? நான் செடிக்கு மருந்து அடிக்க வந்த ஆளுன்னுல்லா நெனச்சேன்.”

அம்மாவுக்கு என் படங்களில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஏலப்பூவைக் காட்டினால், “இத நான் தெனமும் மிதிக்கேன்” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விடுவாள். அதனால்தான் போன புரட்டாசியில் நான் காட்டிய ஒரு படத்தை அவள் வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தராமலிருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூடுபனிக்காகப் போன ஒரு நாளில் எடுத்த படம் அது. பழைய தோட்டத்துக்கு எதிர்மலையில் ஏறி நின்று, நீள லென்ஸை மாட்டி எடுத்தேன். பனிக்கு மேலே ஒரு சரிவும் அதன் மேல் வரிசையாகச் சில மரங்களும் தெரிந்தன. அவ்வளவுதான். அம்மா செல்போனில் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். சிறிதாக்கினாள். மறுபடி பெரிதாக்கினாள்.

“இது நம்ம கல்லறைச் சரிவுல்லா?”

ஆமாம், அந்தப் பக்கம்தான் என்றேன்.

“மரமெல்லாம் அப்படியே நிக்கே.”

தோட்டத்தில் கல்லறைக்குக் கல் வைக்க யாருக்கும் வசதி கிடையாது. மரச்சிலுவை நட்டால் இரண்டு மழைக்காலம் தாங்காது. அதனால் நர்சரியில் மிஞ்சிய சில்வர் ஓக் கன்று ஒன்றைக் கேட்டு வாங்கித் தலைமாட்டில் நட்டுவிடுவார்கள். தேயிலைக்கு நிழலுக்காகத் தோட்டமெங்கும் நின்ற அதே மரம்தான். விறுவிறுவென்று வளரும். கல்லறைத் திருநாளன்று அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய், “அக்காவத் தொட்டுட்டு வா” என்பாள். நான் ஓடிப்போய் அடிமரத்தில் கையை வைத்துவிட்டு ஓடி வருவேன். அக்கா என்றால் எனக்குச் சொரசொரப்பான ஒரு பட்டையும் மெழுகு வாசனையும்தான்.

அந்த மரங்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. ஒரு வீட்டு மரத்தை அந்த வீட்டாரைத் தவிர வேறு யாரும் தொட மாட்டார்கள். ஃபாக்டரி பூட்டிய பிறகு பசிக்குத் தோட்டத்து மரங்கள் ஒவ்வொன்றாக லாரி ஏறின. ஜன்னல் கம்பிகூட விலையானது. ஆனால் கல்லறைச் சரிவில் அடுத்த வீட்டு மரத்தில் கத்தி வைக்க யாருக்கும் கை வந்ததில்லை.

அம்மாவுக்கு அந்த மரம் ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இங்கே எங்கள் பங்குக் கோயிலில் கல்லறைத் திருநாளன்று எல்லோரும் தங்கள் தங்கள் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுவார்கள். எங்களுக்கு அங்கே யாரும் இல்லை. அம்மா நடுவில் இருக்கும் பொதுச் சிலுவையின் அடியில் ஒரு திரியை ஏற்றிவிட்டு, மற்றவர்கள் முடிக்கும் வரை மதிலோரமாக நிற்பாள். ஒன்பது வருடமாக அப்படித்தான். இதற்கிடையில் பழைய தோட்டத்தைத் துண்டுதுண்டாக விற்றுவிட்டார்கள், கல்லறைப் பக்கத்தை வாங்கியவர் ஜேசிபி விட்டுத் தேயிலையைப் பிடுங்கி ஏலச்செடி வைக்கப் போகிறார் என்று ஒரு பேச்சு வந்தது. அம்மா பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டாள். அவர், பிள்ளை கிடக்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண் கொண்டு வாருங்கள், மதிலோரமாக வைத்துச் சின்னதாக ஒரு சிலுவை நட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அந்த ஒரு பிடி மண் வேண்டும். அம்மா வேறு எதையும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

அப்பா படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்க்கவில்லை. “இம்புட்டு வருசத்துக்கு அப்புறம் அங்க என்ன இருக்கப் போகுது” என்று செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“மரம் நிக்குன்னுதானே சொல்லுதேன். படத்துலயே தெரியுதே.”

“இருக்காது.”

“வந்து பாத்துட்டுச் சொல்லுங்க.”

“எனக்கு முட்டி வலிக்கி. அட்டைக் காட்டுக்குள்ள என்னால நடக்க ஏலாது.”

“மரம் ஏறுத முட்டிக்கு மலை ஏற ஏலாதாக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் கிளம்பும்போது அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை.

ஜீப் ஃபாக்டரி வரைக்கும் போனது. கூரைத் தகடுகள் போய், இரும்புச் சட்டங்களும் போய், சுவர் மட்டும் நின்றது. உள்ளே ஒரு பப்பாளி மரம் காய்த்திருந்தது. புது முதலாளி வைத்திருந்த காவலாளி ஒரு மலையாளி. அம்மா விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். “அடுத்த மாசம்தான் ஜேசிபி வரும். அதுக்கு முன்னே பாத்துட்டுப் போ சேச்சி. காட்டி உண்டு, பாத்துப் போகணும்” என்றார்.

காட்டி என்றால் காட்டெருமை. அதைப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

கவாத்து செய்யாமல் விட்ட தேயிலை, செடியாக இல்லாமல் மரமாகிவிடும் என்று நான் படித்திருக்கிறேன். இப்போது அதற்குள் குனிந்து நடந்தேன். கீழ்ப்பாதை இருந்த இடத்தை உன்னிச்செடி மூடியிருந்தது. அதனால் சுற்றிக்கொண்டு மேலே ஏறி, சரிவுக்கு மேல்பக்கமாக இறங்க வேண்டியிருந்தது. சிநேகிதன் அரிவாளால் வழி வெட்டிக்கொண்டே போனவன் சட்டென்று நின்றான். பத்தடி முன்னால் ஒரு கறுப்பு முதுகு தெரிந்தது. அது மூச்சு விடுவது கேட்டது. என் கை தானாகக் கேமராவுக்குப் போனது. சிநேகிதன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“படம் எடுத்தா அது காசு கேக்கும்டா” என்று காதுக்குள் சொன்னான்.

அம்மா எங்கள் இருவரையும் தாண்டிப் பார்த்தாள். “நாங்க ஒண்ணும் செய்ய மாட்டோம். பிள்ளையப் பாத்துட்டுப் போயிருதோம். நீ போ” என்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போல மெதுவாகச் சொன்னாள். அது போவதாக இல்லை. நாங்கள் அப்படியே நின்றோம். அட்டைகள் வசதியாகக் காலில் ஏறின. பிறகு அது தனக்குத் தோன்றிய நேரத்தில் ஒரு புதரைச் சாய்த்துக்கொண்டு கீழே போனது.

சரிவில் இறங்கிய பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. என் படத்தில் இருந்த மரங்கள் அங்கே இல்லை. அவை பின்னால் இருந்த அடுத்த மலையில் நின்றன. நீள லென்ஸ் அப்படித்தான். முன்னால் இருப்பதையும் தொலைவில் இருப்பதையும் ஒன்றாக அழுத்தி ஒட்டிவிடும். எதிர்மலையிலிருந்து பார்த்தபோது பின்மலையின் மரங்கள் கல்லறைச் சரிவின் மேலேயே நிற்பது போல விழுந்திருந்தன. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. அவளே பார்த்துவிட்டாள்.

சரிவு முழுக்க அடிக்கட்டைகள் மண்ணோடு மண்ணாக, ரம்பத்தால் அறுத்த வட்டங்களாக இருந்தன. சில உளுத்துப்போய்க் காலை வைத்தால் உள்ளே இறங்கின. கீழ்க்கோடியில், தண்ணீர் வாய்க்கால் ஓடிய இடத்துக்குப் பக்கத்தில், ஒரே ஒரு மரம் நின்றது.

அம்மா மெதுவாக நடந்து, வாய்க்காலுக்கு மேல்பக்கத்தில் முட்டி உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

“ஆளாளுக்கு அவுகவுக பிள்ளைய வித்துப்புட்டாகளே” என்றாள்.

சேலையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு காலிலும் அட்டை. இடுப்பில் முடிந்திருந்த உப்புப் பொட்டலத்தைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் வைத்துத் தேய்த்து உதறினாள். சிநேகிதன், “அத்த, கொஞ்சம் உப்பு மிச்சம் வைங்க, மத்தியானம் மாங்காய்க்கு வேணும்” என்றான். “ஒன் வாய்க்கு மொதல்ல உப்ப வைக்கணும்” என்றாள் அவள். நான் அப்போது ஒரு படம் எடுத்தேன். ஒரு கால் நீட்டி, ஒரு கால் மடக்கி, கையில் உப்போடு, அவனைத் திட்டுகிற முகத்தோடு அந்தக் கட்டையில் உட்கார்ந்திருக்கும் அம்மா. வெளிச்சம் நன்றாக இருந்தது. அவளை நான் எடுத்த படங்களில் அதுதான் நல்ல படம்.

பிறகு அவள் எழுந்து, நின்றிருந்த மரத்தை நோக்கி நடந்தாள். நடக்க நடக்க அவள் வேகம் கூடியது.

“நம்மது வாய்க்கால் பக்கத்துலதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதோட நம்ம மரத்த நாம விக்கல. அடுத்தவுக தொட மாட்டாக. அப்ப நிக்கிறது நம்மதுதான?”

அவள் கணக்கில் குறை ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் அப்படித்தான் பட்டது. மேல்பக்கமாக வந்ததில் எனக்கு இடம்வலம் குழம்பியிருந்தது. வாய்க்கால் இருந்தது, மரம் இருந்தது. அம்மா அதன் அடியில் களையைப் பிடுங்கி, மெழுகுதிரி ஏற்றி, காற்றுக்கு முந்தானையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னாள். ஜெபத்துக்கு நடுவில் அழ ஆரம்பித்தாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு. சிநேகிதன் தள்ளிப் போய்த் திரும்பி நின்றுகொண்டான்.

“அக்காவத் தொட்டுக்கோ” என்றாள்.

எனக்கு வயது இருபத்து நான்கு. போய்த் தொட்டேன்.

பிஸ்கட் டப்பா ஒன்றில் ஈர மண்ணை அள்ளி மூடி, மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தாள். வழி முழுக்க நிறையப் பேசினாள். அக்கா கஞ்சியை ஊதி ஊதிக் குடிப்பாளாம். கங்காணியைப் பார்த்தால் பாயைச் சுற்றிக்கொண்டு ஒளிவாளாம். நான் அதுவரை கேட்காத கதைகள்.

சாயங்காலம் டப்பா மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, “கெடச்சுதா?” என்று கேட்டார்.

“கெடைக்காம? ஒத்த மரம் நம்மதுதான் நிக்குது. இருக்காதுன்னு சொன்னீகளே.”

அப்பா என்னிடம் படத்தைக் காட்டச் சொன்னார். கேமராவின் பின்திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். நின்ற மரத்தின் படம் வந்தபோது, தள்ளு என்று விரலால் காட்டினார். அடுத்து, கட்டையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் படம். நான் தள்ளப்போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இத கொஞ்சம் பெருசாக்கு.”

அம்மாவின் முகத்தைப் பெரிதாக்கினேன்.

“முகத்த இல்ல. கீழ.”

கட்டையைப் பெரிதாக்கினேன். பாசி பிடித்த பக்கவாட்டும், அறுத்த தலையும், அம்மாவின் விரல்கள் பிடித்திருந்த விளிம்பும் தெரிந்தன. அப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினார்.

“நிக்கிற மரம் ஃபாக்டரி வாச்சர் ஆத்தாளுக்கு நட்டது. அவுக குடும்பமா தூத்துக்குடிப் பக்கம் போயிட்டாக. விக்க ஆளில்ல. அதான் நிக்குது.” திரையில் கட்டையின் மேல் விரலை வைத்தார். “நீ உக்காந்திருக்கியே, இதுதான் நம்மது.”

அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“நம்ம மரத்த யாரு வெட்டுனா?”

அந்தச் சரிவின் நியாயப்படி அதற்கு ஒரே பதில்தான் இருக்க முடியும். அதை அவளும் தெரிந்துகொண்டுதான் கேட்டாள்.

“நாந்தான்” என்றார் அப்பா. “கட்டில் எடுக்கப் போனேன்ல, அன்னைக்கு. இவனப் பிளஸ் ஒன்னுக்குச் சேக்க இன்னும் நாலு நாள்தான் இருந்துச்சு. கையில ஒண்ணுமில்ல. நாம கெளம்புன பொறவு மத்தவுக மரமெல்லாம் அடியோட போயிருந்துச்சு. நான் முட்டி ஒசரத்துக்கு விட்டுட்டுதான் அறுத்தேன். எடம் தெரியணும்ல. ஒன்னக் கூட்டிட்டுப் போயி நானே சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன். வருசம் போயிருச்சு.”

அதற்கு அம்மா சொன்னது நாங்கள் எதிர்பார்த்தது அல்ல.

“அந்த வாச்சர் ஆத்தா பைப்படியில என் கொடத்த எட்டி ஒதச்சவ. அவளுக்கா நான் மெழுகுதிரி ஏத்துனேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. கேமராவை வாங்கிப் படத்தைப் பார்த்தாள்.

“எம்புள்ள தலமாட்டுலயே உக்காந்துகிட்டு அட்டை பிடுங்கியிருக்கேன். இத அழிச்சிரு” என்றாள்.

நான் சரி என்றேன். அழிக்கவில்லை. இன்னும் இருக்கிறது.

மறுநாளே போகலாம் என்று அப்பா சொன்னார். மழை விடவில்லை. ரோட்டில் இரண்டு இடத்தில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. அம்மா அந்த டப்பாவை மாதா படத்தருகே இருந்து எடுத்து வாசல் பக்கம் வைத்துவிட்டாள். அடுத்தவர் மண் வீட்டுக்குள் இருக்கக் கூடாது, கொண்டுபோய் அவர்களிடத்திலேயே போட வேண்டும் என்றாள். மழை கொஞ்சம் விட்டதும் சிநேகிதன் சவாரியை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு ஜீப்பைக் கொண்டுவந்தான். இந்தத் தடவை முன்சீட்டில் அப்பா உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டிருந்தார்.

காவலாளி எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். “ஜேசிபி ஆபரேட்டர் சீக்கிரமா ஃப்ரீ ஆயிட்டான். முதலாளி அனுப்பிட்டார். நான் என்ன செய்ய?” என்றார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு எதுவும் இல்லை.

இந்தத் தடவை வழி வெட்ட வேண்டியிருக்கவில்லை. அகலமாகச் சிவப்பு மண் ரோடு போட்டிருந்தார்கள். அது நேராகக் கல்லறைச் சரிவுக்குப் போனது. சரிவு என்று ஒன்று அங்கே இல்லை. படிப்படியாக வெட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். வாச்சர் ஆத்தாளின் மரம் முழுசாக ஓரத்தில் சாய்ந்து கிடந்தது, இலை இன்னும் வாடவில்லை. தேயிலைத் தூர்களையும் அடிக்கட்டைகளையும் ஒன்றாகத் தள்ளி ஒரு மூலையில் வீட்டு உயரத்துக்குக் குவித்திருந்தார்கள்.

அப்பா அந்தக் குவியலைச் சுற்றி வந்தார். பிறகு அதன் மேல் ஏறினார். முட்டி வலியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுப் பார்த்து, சிலவற்றைப் புரட்டி, நடுவில் சிக்கிக் கிடந்த ஒன்றின் முன்னால் நின்றார். வேர் மேலே, தலை கீழே. கீழே குனிந்து அறுத்த முகத்தைத் தடவிப் பார்த்தார்.

“இதுதான்” என்றார்.

“எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“மத்ததுக்கெல்லாம் இம்புட்டு ஒசரம் இல்லையேப்பா.”

மழைக்குப் பிறகும் வேர்களுக்கு நடுவே கறுப்பு மண் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த மண்ணெல்லாம் சிவப்பு. அப்பா தோளில் இருந்த துண்டை விரித்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கீழே நின்று அதைப் பிடித்துக்கொண்டாள். அவர் மேலே இருந்தபடி வேருக்குள் விரலை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை உதிர்த்தார். கத்தியால் நோண்டினால் சீக்கிரம் வரும் என்று சிநேகிதன் சொன்னான். அப்பா விரலாலேயே உதிர்த்தார்.

துண்டை முடிச்சுப் போட்ட பிறகு அம்மா டப்பாவை எடுத்துக்கொண்டு, சாய்ந்து கிடந்த மரம் முன்பு நின்றிருக்கும் என்று தோன்றிய இடத்துக்குப் போய் மண்ணைக் கொட்டினாள். கொட்டிவிட்டு, கையில் மிச்சமிருந்த ஒரு மெழுகுதிரியைப் பார்த்தாள். ஏற்றவில்லை. மண்ணில் குத்தி வைத்துவிட்டு வந்தாள்.

திரும்பும்போது மறுபடி தூறல். ஜீப்பின் பக்கவாட்டுப் படுதாவை இறக்கிவிட்டோம். அப்பா முன்னால், அம்மாவும் நானும் பின்னால், அம்மாவின் மடியில் அந்தத் துண்டு. நான் பிளஸ் ஒன் சேர்ந்த நாளை நினைத்துக்கொண்டிருந்தேன். புதுச் சட்டையில் கஞ்சி வாசனை அடித்தது. பள்ளிக்கூட வாசலில் அப்பா பணத்தை என்னிடம் கொடுத்து, நீயே போய்க் கட்டு என்று வெளியே நின்றுகொண்டார். உள்ளே வரக் கூச்சப்படுகிறார் என்று அன்றைக்கு நினைத்தேன்.

“எவ்வளவுக்குக் குடுத்தீக?” என்று அம்மா கேட்டாள். அந்த இரண்டு வாரத்தில் அவள் அதைக் கேட்டது அப்போதுதான்.

அப்பா திரும்பவில்லை. கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அடியோடன்னா ஆயிரத்து நானூறுன்னான் லாரிக்காரன். முட்டிக்கு மேலதான் அறுப்பேன்னு சொன்னேன். அடிக்கட்டையிலதான தடி இருக்கும், அதுக்கு முந்நூறு பிடிச்சுக்கிட்டான்.”

சிநேகிதன் கியரை மாற்றினான். இரண்டு வளைவு தாண்டியிருக்கும். அம்மா துண்டின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டாள்.

“ஆயிரத்து நூறு” என்றாள்.